முதலாளி இல்லாத கடை நடக்குமா?

(கட்டற்ற மென்பொருள் பற்றி வணிகர்களுக்கு ஒரு பாடம்)

கொல்லிமலை 14 நாடுகளைக் கொண்டது என்பது நம் பகுதி வணிகர்கள் அறிந்ததே. அவற்றுள் தேவனூர் நாடும் ஒன்று. காரவள்ளியில் ஏறத் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சரக்கு கொண்டுபோய் இறக்குவது எவ்வளவு சிரமம் என்பது வண்டி அனுப்பியவர்களுக்குத் தெரியும். அந்த நாட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நான் ராசிபுரத்திலிருந்து நெடுநாளாக மொத்தச் சரக்கு கொடுத்து வருகிறேன்.

மலைக்கடை வியாபாரம் பற்று வியாபாரம். மிளகு பறித்துக் காயவைத்து விற்ற பிறகு, மரவள்ளி லாரி ஏறிய பிறகுதான் வாடிக்கையாளர் கையில் ரொக்கம் புரளும். அதுவரை அரிசியும் பருப்பும் எண்ணெயும் நோட்டில் எழுதித்தான் போகும். அலமாரியில் இருக்கும் சரக்கு எரிந்து போனால்கூட அவர் மீண்டு விடுவார். பற்று நோட்டு போனால் எழுந்திருக்க முடியாது.

2012-ம் வருடம் அந்த நோட்டை அவர் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். யோசனை சொன்னவன் நான்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டவுனில் ஒருவரிடம் பில் போடும் சாப்ட்வேர் வாங்கினோம். கம்ப்யூட்டரில் செருகும் சிறு பூட்டு ஒன்றும் கொடுத்தார். அது இருந்தால்தான் சாப்ட்வேர் திறக்கும். ஐந்து வருடம் நன்றாக ஓடியது. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. பழையது இனிச் சரிப்படாது, புதிய பதிப்பு வாங்க வேண்டும் என்றார் விற்றவர். அதற்கு முன்பணம் கொடுத்த சில மாதங்களில் அவர் தொழிலையே மூடிவிட்டார். போனும் எடுக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பூட்டும் கெட்டுப் போனது. கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை! தெரிந்த பையன்கள் மூவரிடம் காட்டினோம். கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும் என்று கைவிரித்து விட்டார்கள்.

வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு மேல் தாங்களாகவே வந்து தங்கள் பாக்கியைச் சொன்னார்கள். மலை ஜனங்களின் நாணயம் அது. மீதியை அவர் ஞாபகத்திலிருந்து எழுதினார். எழுத முடியாமல் விட்டுப்போனது எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு அவருடைய மகள் ஒரு யோசனை சொன்னாள். அந்தப் பெண் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் என்ற ஒன்று இருந்தது. அதை நோண்டி நோண்டிப் பழகியவள். "அப்பா, இனி வாங்கினால் மூலநிரல் திறந்திருக்கிற சாப்ட்வேரா வாங்கலாம். அதை உலகம் பூரா ஆட்கள் சம்பளம் வாங்காம சேர்ந்து செய்யறாங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். "முதலாளி, சம்பளம் இல்லாம எவன் வேலை செய்வான்? நாளைக்கு ஒண்ணுன்னா யார் கையைப் பிடிக்கிறது?" என்று கேட்டார். என் மனதிலும் அதே கேள்விதான். ஒரு முதலாளி இருந்தே இந்தக் கதி, முதலாளியே இல்லாவிட்டால்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலநிரல் என்றால் என்ன?

சாம்பார்ப் பொடி விற்பவர் பொடியை மட்டும் தருவார். எதை எவ்வளவு வறுத்தார் என்ற பக்குவத்தைத் தரமாட்டார். நாம் காசு கொடுத்து வாங்கும் பெரும்பாலான சாப்ட்வேர்கள் இப்படித்தான். மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிய பக்குவத்திற்கு மூலநிரல் என்று பெயர். அதிலிருந்து கம்ப்யூட்டருக்குப் புரியும்படி அரைத்தெடுத்த பொடிதான் நம் கைக்கு வருவது. பொடியிலிருந்து பக்குவத்தைத் திரும்ப எடுப்பது மிகக் கடினம்.

1983-ம் வருடம் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், பக்குவத்தை மறைப்பது சரியல்ல என்று சொல்லி, யாவரும் பார்த்து, திருத்தி, பிறருக்கும் கொடுக்கக்கூடிய மென்பொருள்களை எழுதப் போவதாக அறிவித்தார். 1989-ல் அவர் வெளியிட்ட ஜி.பி.எல். என்ற உரிமப் பத்திரம்தான் இந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம். அதன் சாரம் இதுதான்: எடுத்துக்கொள், எந்தக் காரியத்திற்கும் பயன்படுத்து, மாற்று, விலைக்கும் விற்றுக்கொள். ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதன் பக்குவத்தையும் சேர்த்துக் கொடு. நீ பெற்ற உரிமையை அவருக்கும் கொடு. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ், அடுத்த வருடமே இந்த உரிமத்தின் கீழ் வந்தது. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளம் அந்த லினக்ஸ்தான். ஆகவே, "இதெல்லாம் படித்த பையன்களின் விளையாட்டு, நமக்கெதற்கு" என்று ஒதுக்க முடியாது. வாடிக்கையாளர் போனில் பணம் அனுப்பும்போதே நாம் அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதை இலவசச் சரக்கு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். விலை இல்லாமல் கிடைப்பது உண்மைதான் என்றாலும் அது பக்க விளைவு. வேறு சில இலவச மென்பொருள்களில் விலையும் இல்லை, பக்குவமும் இல்லை. அவை இந்தக் கணக்கில் சேரா.

கொல்லிமலைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சாமையும் தினையும் கேழ்வரகும் அங்கே தலைமுறை தலைமுறையாக வீட்டு விதை. அக்கம்பக்கம் கொடுத்து வாங்குவது. மரவள்ளி பரவி அந்தப் பயிர்கள் குறைந்தபோது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் ஊர்களில் விதை வங்கிகள் ஏற்பட்டன. விதை வாங்கியவர் அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பி அளக்க வேண்டும். அந்த விதைக்கு யார் முதலாளி? ஒருவருமில்லை. அதனால் விதை கெட்டுப் போகிறதா? நல்ல கதிராகப் பார்த்து எடுத்து வைப்பவர்கள் இருக்கும்வரை கெடாது. 2001-ம் வருடத்திய பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமும் விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரைப் பெயரிட்டு விற்கத்தான் கூடாது. ஜி.பி.எல். செய்வதும் ஏறக்குறைய இதுவே.

உத்தரவிட ஆள் இல்லாத சங்கம்

சரி, விதை தானாக முளைக்கும். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் மென்பொருளை யார் ஒழுங்கு செய்வது? இதற்கு டெபியன் என்ற அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸுக்கு, அதாவது அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் இருந்ததற்கு, மூலம் இந்த டெபியன்தான்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற மாணவர் இதைத் தொடங்கினார். டெப்ரா என்ற தன் காதலியின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. (நம் ஊர் ஸ்டோர்களின் பெயர்ப் பலகைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.) இன்று உலகெங்கும் சுமார் ஆயிரம் உறுப்பினர்கள். 2023-ல் வந்த 12-ம் பதிப்பில் 64,000-க்கு மேற்பட்ட மென்பொருள் பொட்டலங்கள் இருந்தன. ஒவ்வொரு பொட்டலத்திற்கும் பொறுப்பாளர் உண்டு. தனி ஆளாகவோ சிறு குழுவாகவோ இருப்பார்கள். மண்டியில் அரிசிக்கு ஒருவர், பருப்புக்கு ஒருவர், மிளகாய்க்கு ஒருவர் பார்த்துக்கொள்வது போல. பொறுப்பாளர் நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் மற்றவர் புகுந்து சரிசெய்யவும் முறை வகுத்திருக்கிறார்கள். "என் பகுதி, யாரும் தொடாதே" என்று பூட்டி வைக்க இயலாது.

இவர்களுக்கு 1998 முதல் எழுதப்பட்ட விதிமுறை இருக்கிறது. வருடந்தோறும் தலைவர் தேர்தல். பதவிக்காலம் ஒரே வருடம். உறுப்பினர் தம் விருப்பத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி வாக்களிப்பார். "இவர்களில் யாரும் வேண்டாம்" என்பதும் வேட்பாளர்களோடு சேர்ந்து சீட்டில் நிற்கும். தலைவருக்கு என்ன அதிகாரம் என்று பார்த்தால் நமக்கு வேடிக்கையாக இருக்கும். எந்த உறுப்பினரையும் "இதைச் செய்" என்று அவர் உத்தரவிட முடியாது! யாரும் எந்த வேலையையும் செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் முறைப்படி எடுத்த முடிவுக்கு எதிராக வேலை செய்யக் கூடாது என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டாவது வரியை நான் பலமுறை படித்தேன். தன்னார்வத்தில் நடக்கும் எந்தச் சங்கத்திலும் வேலை செய்யாதவரால் வரும் நஷ்டத்தைவிடக் குறுக்கே நிற்பவரால் வரும் நஷ்டமே அதிகம் என்பது, செயற்குழுக் கூட்டங்களில் உட்கார்ந்த எனக்குத் தெரியும்.

பணம் யார் கையில்? நன்கொடைகளை அமைப்பின் சார்பில் வைத்திருப்பது தனி நிறுவனங்கள். அவற்றுள் முக்கியமானது அமெரிக்காவில் 1997-ல் ஏற்பட்ட லாப நோக்கமற்ற நிறுவனம் ஒன்று. செலவுக்கு ஒப்புதல் தலைவர் தருவார். பெட்டி அவரிடம் இல்லை. பெட்டியும் சாவியும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்ற பழைய பாடம்தான்.

உள்ளே நுழையும் வழி

பயன்படுத்த யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் கல்லாவில் கை வைக்கும் உரிமை, அதாவது எல்லோருக்கும் போய்ச்சேரும் சரக்கில் மாற்றம் செய்யும் உரிமை, சும்மா கிடைப்பதில்லை. முதலில் ஒருவர் சின்னப் பிழையைச் சொல்வார். பிறகு திருத்தம் அனுப்புவார். உள்ளே இருப்பவர் அதைப் பரிசோதித்துச் சேர்த்துக்கொள்வார். இப்படிப் பல மாதம் நடந்தபின் ஏற்கனவே உள்ள உறுப்பினர் சிபாரிசு செய்ய வேண்டும். அமைப்பின் கொள்கை, வேலைத்திறமை இரண்டிலும் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இன்னார்தான் என்பதை நிரூபிக்க உறுப்பினர் ஒருவரை நேரில் சந்தித்து அடையாளச் சான்றைக் காட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கமும் உண்டு. நாம் புது மண்டிக்குப் போனால், தெரிந்த வியாபாரி ஒருவர் "இவர் நம்ம ஆள்" என்று சொன்ன பிறகுதானே கடனுக்குச் சரக்கு தருகிறார்கள்!

2010-ல் அவர்கள் எடுத்த ஒரு தீர்மானம் எனக்குப் பிடித்தது. நிரல் எழுதத் தெரியாமல் மொழிபெயர்ப்பு, விளக்கக் குறிப்பு, கூட்ட ஏற்பாடு போன்ற வேலைகளைச் செய்பவர்களும் வாக்குரிமையுள்ள முழு உறுப்பினராகலாம் என்று திறந்துவிட்டார்கள்.

சம்பளம் இல்லாமல் ஏன் செய்கிறார்கள் என்ற மலைக்கடைக்காரரின் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. பலர் தமக்குத் தேவைப்பட்டதைச் செய்கிறார்கள். செய்ததைப் பகிர்ந்தால் மற்றவர் செய்ததும் தமக்குக் கிடைக்கிறது. சிலருக்குப் பேர் கிடைக்கிறது, அந்தப் பேரினால் வேலையும் கிடைக்கிறது. சிலருக்கு அதில் ஒரு ஆனந்தம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லினக்ஸின் உட்கருவில் இன்று நடக்கும் வேலையில் பெரும்பங்கு கம்பெனிகளில் சம்பளம் வாங்குபவர்கள் செய்வது. அந்தக் கம்பெனிகளுக்கு லினக்ஸ் வேண்டும். தனியாக எழுதுவதைவிடப் பொதுவில் எழுதுவது மலிவு. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்துப் பள்ளிக்கூடம் கட்டிய வணிகர் வம்சத்திற்கு இது புதிய தத்துவம் அல்ல. விருதுநகரில் 1885-லேயே அப்படிக் கட்டினார்கள்.

பாகப்பிரிவினை

கூட்டு வியாபாரத்தில் சண்டை வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கடைக்குக் குறுக்கே சுவர் எழும்பும், சரக்கு இரண்டாகும், வாடிக்கையாளர் மூன்றாவது கடைக்குப் போவார்.

இவர்களிடமும் சண்டை உண்டு. 2014-ல் கம்ப்யூட்டரைத் துவக்கும் பகுதி எதுவாக இருக்க வேண்டும் என்பதில் டெபியனே இரண்டுபட்டது. எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழுவில் நாலுக்கு நாலு. குழுத் தலைவரின் தீர்மான வாக்கால் முடிவானது. ஏற்க முடியாதவர்கள் அந்த வருடக் கடைசியில் பிரிந்துபோய் டெவுவான் என்று தனியாக நடத்துகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, பிரிந்தவர்களுக்குச் சரக்கு முழுவதும் கிடைத்தது. இருந்தவர்களுக்கும் முழுவதும் இருந்தது. பக்குவத்தை நகலெடுத்தால் குறைவதில்லையே! பிரிக்க முடியாதது இரண்டுதான்: கடையின் பெயரும், வேலையாட்களின் மனமும்.

இந்தப் பிரிவினை உரிமைதான் முழு ஏற்பாட்டிற்கும் காவல் என்பது என் அபிப்பிராயம். ஓபன் ஆபீஸ் என்ற எழுத்து, கணக்குத் தாள் மென்பொருளை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். அதை ஆதரித்து வந்த சன் கம்பெனியை 2010 ஜனவரியில் ஆரக்கிள் வாங்கியது. புதிய முதலாளியின் போக்கு தன்னார்வலர்களுக்குத் திருப்தியாக இல்லை. அதே வருடம் செப்டம்பர் 28-ந் தேதி மூலநிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி, லிபர் ஆபீஸ் என்று பெயரிட்டார்கள். பிறகு பெர்லினில் அதற்கென அறக்கட்டளை பதிவாயிற்று. இன்று அந்த வகையில் உயிரோட்டமாக இருப்பது லிபர் ஆபீஸ்தான். மலைக்கடைக்காரருக்குச் சாப்ட்வேர் விற்றவரின் மூலநிரல் இப்படித் திறந்திருந்தால், அவர் தொழிலை மூடினாலும், தெரிந்த பையன் ஒருவனைக் கூலிக்கு வைத்துப் பற்று நோட்டையாவது மீட்டிருப்போம்.

திருடன் புகுந்த கதை

இதுவரை படித்தவர்கள், நான் ஒரு பக்கமாகப் பேசுவதாக எண்ணக் கூடாது. ஆகவே 2024-ல் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நமக்கு இதில்தான் பாடம் அதிகம்.

கோப்புகளைச் சுருக்கி வைக்கும் எக்ஸ்.இசட். என்ற சிறு கருவி இருக்கிறது. லினக்ஸ் ஓடும் இடமெல்லாம் அது இருக்கும். பெயர் யாருக்கும் தெரியாது. பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்பவர் ஏறக்குறைய ஒற்றை ஆளாக, ஊதியமின்றி, பல வருடங்கள் அதைக் காத்து வந்தார். உலகமே பயன்படுத்துகிறது, ஒத்தாசைக்கு ஒருவரும் இல்லை. 2022-ல், தனக்கு மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை நினைவில் கொள்ளுங்கள் என்ற அர்த்தத்தில் அவர் எழுதினார். அந்தச் சமயத்தில், "வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று முன்பின் தெரியாத பெயர்களில் சிலர் நெருக்கினார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பணிவாக, திறமையாக, திருத்தம் மேல் திருத்தமாக அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்திற்கு மேல் குறையே சொல்ல முடியாத வேலை. சாவி மெல்ல அவர் கைக்குப் போனது.

2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் கள்ள வாசல் வைத்திருந்தார். தூரத்திலிருந்து பிறர் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழி. பரிசோதனைக்கென்று வைத்திருக்கும் கோப்புகளுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அது எல்லா இடமும் பரவுவதற்கு முன், ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர், தன் கம்ப்யூட்டரில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். மார்ச் 29-ந் தேதி உலகத்திற்கு அறிவித்தார். டெபியனின் சோதனைப் பதிப்புகளில் அது நுழைந்திருந்தது. மக்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்பில் நுழையவில்லை. ஜியா டான் யார் என்பது வெளிப்படவில்லை.

கடையில் இரண்டு வருடம் நாணயமாக இருந்து, முதலாளி நோயுற்ற சமயம் பார்த்துக் கல்லாவைத் துடைத்துப் போன குமாஸ்தாக்களை நாம் கேள்விப்பட்டதில்லையா? திறந்த மூலநிரல் என்பதால் இது நடந்தது என்று சொல்வோர் உண்டு. மூடிய மென்பொருளிலும் இத்தகைய நுழைவு நடந்திருக்கிறது. 2020-ல் சோலார்விண்ட்ஸ் விவகாரம் அதற்குச் சாட்சி. திறந்திருந்தபடியால்தான் சம்பந்தமே இல்லாத ஒருவர் அரை வினாடியைத் துரத்திக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் "ஆயிரம் கண் பார்க்கிறது" என்று நம்பிச் சும்மா இருப்பது தவறு. எக்ஸ்.இசட். விஷயத்தில் ஆயிரம் பேர் பயன்படுத்தினார்கள், பார்த்தது ஒரு களைத்த மனிதர் மட்டுமே. குறை அந்த மனிதரிடம் இல்லை. சரக்கை எடுத்துக்கொண்டு மகமை கொடுக்காமல் போன நம் எல்லோரிடமும் இருக்கிறது.

வாங்குமுன் என்ன பார்ப்பது?

நம் கடைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தக் கூட்டம் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, பிழை சொன்னவர்களுக்குப் பதில் வருகிறதா, வேலை செய்பவர் ஒருவரா பலரா என்பதெல்லாம் பொதுவிலேயே எழுதப்பட்டிருக்கும். மூடிய கம்பெனியிடம் இதைக் கேட்டால் விற்பனைப் பிரதிநிதியின் புன்னகைதான் கிடைக்கும். அடுத்து, கணக்கு எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது, அதை வெளியே எடுத்து வேறொன்றில் ஏற்ற முடியுமா என்பது. முடியாது என்றால் திறந்ததோ மூடியதோ தொடவே வேண்டாம்.

இரட்டைப் பதிவு முறையில் கணக்கு வைக்க க்னூகேஷ் என்ற பழைய, தன்னார்வலர் நடத்தும் மென்பொருள் உண்டு. நம் நாட்டிலேயே உருவானது க்னூகாத்தா. மும்பையிலிருந்து வரும் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் மொத்த வியாபாரிகளுக்கும் ஏற்றது. அதை ஒரு கம்பெனி நடத்துகிறது, மூலநிரல் திறந்தது. இவற்றில் எதை வைத்தாலும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் சரியாகப் போவதற்குப் பொறுப்பு நம்முடையதே. உரிமப் பத்திரத்திலேயே உத்தரவாதம் கிடையாது என்று எழுதியிருப்பார்கள். (மூடிய சாப்ட்வேரின் பத்திரத்திலும் அநேகமாக அப்படித்தான் எழுதியிருக்கும், நாம் படிப்பதில்லை.) ஆகவே உள்ளூரில் தெரிந்தவர் ஒருவருக்கு வருடத்திற்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வது நல்லது. சாப்ட்வேர் விலையில் மிச்சமானதை அங்கே செலவிடலாம். தினமும் கடை சாத்துமுன் கணக்கைத் தனிப் பென் டிரைவில் நகல் எடுப்பதை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்கலாம். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் பல வருடங்கள் மாதக் கூட்டம் நடத்தியது. காஞ்சிபுரத்திலும் குழு உண்டு. விழுப்புரத்துக் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிச் சொல்லிக் கொடுக்கிறது. 2012-ல் தொடங்கிய கணியம் இதழ் இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதி வருகிறது. எல்லாம் தன்னார்வத்தில் நடப்பவை. நம் பகுதியிலும் ஒரு குழு ஏற்பட்டால், சங்கக் கட்டடத்தின் மாடியை ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுக்கலாம் என்பது என் யோசனை. செயற்குழுவின் முன் வைத்திருக்கிறேன்.

கடைசியாக, நாம் என்ன கொடுக்க முடியும்? நிரல் எழுத வேண்டியதில்லை. பிழை கண்டால் என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்று மூன்றையும் ஒழுங்காக எழுதி அனுப்பினாலே பெரிய உதவி. "ஓடவில்லை" என்ற ஒற்றை வார்த்தையை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று சொற்கள். தேவனூர் நாட்டுப் பெண் இப்போது ஒரு கணக்கு மென்பொருளின் தமிழ்ச் சொற்களைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். முன்பு மொழிபெயர்த்தவர்கள் நல்ல படிப்பாளிகள். கடையில் உட்கார்ந்ததில்லை போலிருக்கிறது. இன்ன தலைப்பு என்று தெரியாத தொகையை எழுதி வைக்கும் கணக்கிற்கு ஏதோ அகராதிச் சொல்லைப் போட்டிருந்தார்கள். அவள் அப்பா பார்த்துவிட்டு, "இது அனாமத்து தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு நீளப் பேரு?" என்றாராம். அதை அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள். வருட முடிவில் எடுப்பதை ஐந்தொகை என்று போட வேண்டும் என்கிறார் அவர். பள்ளிப் புத்தகத்தில் இருப்பு நிலைக் குறிப்பு என்றுதான் இருக்கிறது, படித்த பிள்ளைகளுக்கு அதுதான் தெரியும் என்கிறாள் மகள். இரண்டு பக்கமும் நியாயம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நான் சென்ற வாரம் மிளகு எடைபோட மேலே போனபோது இன்னும் முடிவு வரவில்லை.